நடு நாற்காலி

"நாற்காலிய இன்னும் அரை சாண் இடது பக்கம் தள்ளணுமாம், ரொஹைசா அக்கா. வலது அறைக்காரர் ஒத்தக் கால்ல நிக்கறாரு," என்று மூச்சிரைக்க வந்து நின்றார் அமைச்சக அதிகாரி ஹில்மி.

ஓட்டலின் விருந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவள் ரொஹைசா. நாற்காலியைத் தள்ளினாள். மண்டபத்தின் இருபுற அறைகளிலும் ஆளுக்கொரு முக்கியஸ்தர்; காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை. மலேசியாவின் இந்தப் புத்ராஜெயாவில் எத்தனையோ கல்யாணங்களை நடத்திக் கொடுத்தவள். எந்தச் சம்பந்தியும் இப்படி முறுக்கிக்கொண்டதில்லை.

ஒரு மொட்டை மலைக்காக அண்டை நாடுகள் இரண்டு பதினோரு நாளாக அடித்துக்கொள்கின்றன. இன்று பகல் பன்னிரண்டு வரைதான் தற்காலிகப் போர் நிறுத்தம்; அதற்குள் இங்கே கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் பீரங்கிகள் மறுபடி பேச ஆரம்பித்துவிடும். மண்டபத்துத் தொலைக்காட்சியில், கூரை பறிபோன பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன வேகத்தில் ஹில்மி திரும்பி வந்தார். "இப்ப இடது அறைக்காரருக்குக் கோவம். போட்டோவுல அவருதான் நடுவுல இருக்கணுமாம். இல்லேன்னா விமானம் ஏறிடுவாராம்."

"ஏன் சார், ரெண்டு பேரும் எப்படி நடுவுல உக்கார முடியும்? ஒருத்தர் மடியில இன்னொருத்தரா?"

"அதையும் சொல்லிப் பார்த்துட்டேன். யாரு மடின்னு கேக்கறாங்க."

ரொஹைசா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணுக்கா. அந்த மலையோட பேரை எப்படி உச்சரிக்கணும்னு சீட்டுல எழுதித் தரணுமாம். ரெண்டு பேருக்குமே."

சண்டை போடுகிற மலையின் பெயரா மறந்துபோகும்? கோபம் தலைக்கேறினால் அதுவும் நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மணி பதினொன்றரை. தேநீர் எடுக்கச் சமையலறைப் பக்கம் போனாள். கதவோரம், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டிகளின் மேல் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கறிபாப் பலகாரத்தைப் பிட்டு ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டிருந்தார்கள். மண்டபத்தை ஒட்டிய அறைகள் இரண்டும் முக்கியஸ்தர்களுக்குப் போய்விட்டன. டிரைவர்கள் பாவம், எங்கேதான் உட்காருவார்கள்?

ஒருவருடைய கைபேசி ஒலித்தது. காதில் வைத்துக் கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர் அவர் தோளில் கை வைத்தார்.

ரொஹைசாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கோப்பைத் தேநீரை நீட்டினாள். "குடிங்க மாமா. உள்ள சண்டை இப்போதைக்குத் தீராது. நீங்க யாரு வண்டி ஓட்டறீங்க? இடது அறையா, வலது அறையா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைபேசிக்காரர் கோப்பையை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"அறைக்குள்ள இருக்கறது சமாதானம் பண்ணி வைக்க வந்த வல்லரசுங்கம்மா. சண்டை போடறவங்க நாங்கதான்."