கடைசிப் பதினாறு பக்கம்

இன்னிக்கும் நகர்ந்திருக்கணும். நகரலேன்னா வேற வழியே இல்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குள் நுழைந்தாள். சொந்த வீட்டு அலமாரியையே திருடி மாதிரி சத்தமில்லாமல் திறந்து, மேல் தட்டில் போர்வைகளுக்கு அடியில் கையை விட்டாள். புத்தகம் இருந்தது. நேற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் கிடந்த சிவப்பு நூல், இன்று ஐம்பத்தெட்டில்.

அப்பாடா என்று இருந்தது.

பைண்டிங் பட்டறையில் நாளெல்லாம் புத்தகம் தைக்கிறவள் அவள். ஒன்பது வயது மகளோ புத்தகத்தைக் கண்டால் காத தூரம் ஓடுகிறாள். "படிக்கத் தெரியாம இல்லைங்க, மனசுதான் ஒட்டல. இப்படியே விட்டா அடுத்த வருஷம் திணறிப்போவா" என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து, ஊசி விரலில் ஏறுவதுகூடத் தெரியாமல் வேலை பார்க்கிறாள்.

கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று. மகளிடம் ஒரே பதில்தான். "அப்பா மட்டும் படிக்கிறாரா?"

அப்பா கார் பட்டறையில் மெக்கானிக். "நான் படிக்காம கெட்டா போயிட்டேன்? பாப்பாவை விடேன்" என்று அவனும் ஒத்து ஊதுவான்.

போன வாரம் அவள் கட்சி மாறினாள். "இது பெரியவங்க படிக்கிற கதை. யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சாப்பாட்டு வேளையில் ஊரறியச் சொல்லிவிட்டு, ஒரு கடல் கதையை அலமாரியில் ஒளித்தாள். முதல் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல்.

மறுநாளே நூல் நகர ஆரம்பித்தது.

"அந்தக் கப்பல் தப்பிச்சிடுமா பாப்பா?" என்று ஒருநாள் கொக்கி போட்டுப் பார்த்தாள்.

"எந்தக் கப்பல்?" மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எமகாதகி, என்ன நடிப்பு!

நூல் நூறைத் தாண்டியது. ஒரு பக்க ஓரத்தில் கறுப்பாக விரல் தடம். பொழுதன்னிக்கும் பென்சிலால் கிறுக்குகிற கை, கழுவினால்தானே.

ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. திருட்டுத்தனமாகப் படிக்கிறவள் ஒரு தடவையாவது வந்து "அப்புறம் என்னம்மா?" என்று கேட்க வேண்டாமா? அதைக் கேட்டால்தான் மனசு ஒட்டிவிட்டதென்று நம்ப முடியும். புத்தகத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போய், தையலைப் பிரித்துக் கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் உருவினாள். சுவடே தெரியாமல் மறுபடி தைத்து, பழைய இடத்தில் வைத்தாள். உருவியது அவள் கைப்பையில்.

நூல் போகிற வேகத்துக்கு இன்றைக்குக் கதை முடிந்தாக வேண்டும். இருப்புக் கொள்ளாமல், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடியது.

அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பக்கங்களை முன்னும் பின்னும் அவசரமாகப் புரட்டும் ஓசை.

காலடி சமையலறை வாசலில் வந்து நின்றது. திரும்பினால் வெட்கப்பட்டு ஓடிவிடுவாள். குழாயையே பார்த்துக்கொண்டு, "ம், என்ன வேணும்?" என்றாள்.

"கடைசிப் பக்கமெல்லாம் எங்கே?"

கட்டைக் குரல். திரும்பினாள்.

கணவன். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் விரல்களில், சிவப்பு நூல் தொங்கும் புத்தகம்.

"கேப்டன் கரை சேர்ந்தானா இல்லையா? பாப்பா பாக்கறதுக்குள்ள குடுத்துடேன், மானம் போகுது!"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் கால் நீட்டிப் படுத்திருந்தாள். கைப்பை கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பையைத் தொடவில்லை.

"தரமாட்டேன்" என்றாள், மெதுவாக. "முதல் பக்கத்திலேர்ந்து, அவ பக்கத்துல உக்காந்து, சத்தமாப் படிங்க."