திருக்கோவில் கடற்கரை

“திருக்கோவில் வந்திட்டுது, ஈஸ்வரி.”

சிவகுரு வான் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்து, கட்டிலோரத்துத் திரைச்சீலையை விலக்கினார். யன்னல் நிறையக் கடல்.

அது திருக்கோவில் கடல் அல்ல. திருகோணமலை டச்பே கடற்கரை. அவர்களுடைய வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

தங்கேஸ்வரி தலையணையில் கன்னத்தை வைத்தபடியே பார்த்தாள். நிமிர்ந்து உட்கார முடியாமல் போய் இரண்டு மாதம். படுத்திருப்பவளுக்கு அந்த யன்னலில் கடலும் கொஞ்சம் மணலும் மட்டும்தான் தெரியும். கோட்டை தெரியாது, கடைகள் தெரியாது. அவரே ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தார்.

கிழக்கிலே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. இவருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் அவள்தான் பிறந்த ஊரான திருக்கோவிலை விட்டு இவரோடு வந்தாள். வந்த கையோடு ஒன்றே ஒன்று கேட்டாள். ஒருமுறை கடற்கரை வழியே, மட்டக்களப்பு, கல்லடி என்று அவசரமில்லாமல், நின்று நின்று தன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அவரும் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

சண்டை என்றார். பாதை சரியில்லை என்றார். சண்டை முடிந்து, பாதையும் கண்ணாடி மாதிரி ஆன பிறகு, பென்சன் வரட்டும் என்றார். முப்பத்தெட்டு வருடம் சாட்டுச் சொல்லியும் மனிதருக்கு வாய் வலிக்கவில்லை.

பென்சன் வந்தது. பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டில் போட்டு, சின்ன காஸ் அடுப்பும் வைத்தார். திரைச்சீலையை அவளே இருந்து தைத்தாள். எல்லாம் முடிந்த கிழமைதான் ஆஸ்பத்திரியில் அவளுடைய வருத்தத்தின் பெயரைச் சொன்னார்கள்.

இப்போது நாட்களை எண்ணும் நிலை. அரை மணித்தியாலத் தூரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐந்தாறு மணித்தியாலம் ஓட வேண்டிய திருக்கோவில் எங்கே, அரை மணித்தியாலம் எங்கே.

ஆனால் திருகோணமலைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். ஒரு கடல் மாதிரி மற்றக் கடல் இருக்காது. சிவகுருவின் மூளை வேலை செய்ததும் அங்கேதான்.

மருந்து குடித்து அவள் கண்ணயரும் நேரம் பார்த்து, தூரம் ஓடியது போலத் தோன்ற, பக்கத்துக் கப்பல்துறை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பிக்கொண்டு வருவார். இரவுப் படுக்கையும் வானிலேதான். முந்தநாள் உட்துறைமுகத்தின் அலையில்லாத தண்ணீரைக் காட்டி மட்டக்களப்பு வாவி என்றார். நேற்றுக் கோட்டைக்கு வடக்குக் கரையில் நிறுத்தி, கல்லடி என்றார். அவள் “ஓம், நல்ல வடிவு” என்றாள். சாட்டுச் சொல்லிப் பழகிய வாய்தான். ஆனாலும் இந்தப் பொய்க்கு ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்ந்தது.

இன்றைக்கு இன்னும் பயம். இது அவள் பிறந்து வளர்ந்த கடலாக இருக்க வேண்டும். பிடிபட்டால், கடைசிக் காலத்திலும் ஏமாற்றினான் என்றல்லவா அவள் கண்ணை மூடுவாள்.

நல்ல காலம், மலையிலிருந்து கோணேசர் கோயில் மணி காற்றில் வந்தது.

“உங்கட முருகன் கோயில் மணி,” என்றார் அவசரமாக.

அவள் தலையணையில் கிடந்தபடியே கை கூப்பினாள்.

அப்போதுதான் மான் வந்தது.

திருகோணமலையில் மான்கள் ஆடு மாடு மாதிரி. பஸ் நிலையத்திலும் நிற்கும், கடற்கரையிலும் நிற்கும். ஊர்க்காரர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தனையும் யோசித்த சிவகுரு மானை மட்டும் யோசிக்கவேயில்லை. திருக்கோவில் கடற்கரையில் ஏது மான்?

போதாக்குறைக்கு, அதன் கொம்பில் நீல வலைத்துண்டு ஒன்று சுற்றிக் கிடந்தது. முந்தநாள் வாவிக்கரையிலும், நேற்றுக் கல்லடியிலும், அவர் தேத்தண்ணீர் வைக்கும்போது இதே யன்னலோரம் வந்து நின்றதும் இதுதான். இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

தங்கேஸ்வரி தலையணைக்குக் கீழே கையை விட்டு, காலையில் சாப்பிட்ட வாழைப்பழத்தின் தோலை எடுத்து யன்னலுக்கு வெளியே நீட்டினாள். மான் பதறாமல் வாங்கித் தின்றது.

“எங்கட ஊருக்கும் இப்ப மான் வந்திட்டுது போல, என்ன?”

“ஓம் ஓம், இப்ப எல்லா இடமும் வருதாம்,” என்றார் சிவகுரு. தப்பினேன் என்று மூச்சு விட்டார்.

அவள் கனநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் நனைந்து தலையணையில் இறங்கியது. பிறகு மெலிந்த கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சொன்ன மாதிரிக் கூட்டி வந்திட்டீங்க. எனக்கு இது காணும். இனி வீட்ட போவம்.”

சிவகுரு மனதுக்குள் வழியைத் திருப்பிப் போட்டார். நாளைக்குக் கல்லடி, அடுத்த நாள் வாவி, அதற்கடுத்த நாள்தான் வீடு. அப்படித்தானே வந்தார்கள்.

“இஞ்சாருங்க,” என்றாள் அவள், கையை விடாமல். “வரக்குள்ள மூண்டு நாள் எடுத்தது. திரும்பிப் போக என்னட்ட அவ்வளவு நாள் இல்ல. குறுக்கு வழியால போங்க.”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து நிமிடப் பாதை. சிவகுரு அழுதுகொண்டே, முதலாம் கியரிலேயே ஓட்டினார்.