கோட்டுப் பெட்டி

ஆறு பத்துக்கு அலாரம் அடிக்கிறது. ஆறு பன்னிரண்டுக்குப் பால் அடுப்பில். ஆறு இருபதுக்குப் பெரியவளை எழுப்புகிறேன், ஆறரைக்குச் சின்னவனை. அவனை இரண்டு முறை எழுப்ப வேண்டும்.

இந்த நேரங்கள் என்னுடையவை அல்ல. என் மனைவி பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுகிற வேலையில் இருந்தாள். வீட்டுக்கும் ஒன்று போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அதில் ‘ஏழு இருபது: ஷூ தேடுதல், நான்கு நிமிடம்’ என்று ஒரு வரி உண்டு. கேலிக்கு எழுதியதில்லை. அளந்து பார்த்து எழுதியது.

அவள் போய் ஏழு மாதமாகிறது. வண்டிகள் இன்னும் நேரத்துக்கு ஓடுகின்றன.

இன்று பெரியவளுக்கு எட்டு நிமிடத்தில் ஜடை பின்னிவிட்டேன். இரண்டும் ஒரே உயரத்தில் வந்தன.

“இன்னிக்குப் பரவாயில்லப்பா” என்றாள். அந்த ஏழு வயதுக்காரியின் வாயிலிருந்து அது பெரிய விருது.

சின்னவனுக்கு நாலு வயது. தெரு மரங்களெல்லாம் இலை உதிர்த்துக்கொண்டிருக்கின்றன. அவன் அவற்றை முடிந்த மட்டும் வீட்டுக்குள் குடியேற்றிக்கொண்டிருக்கிறான். முட்டைத் தட்டில் ஒன்று. சோப்புப் பெட்டியில் ஒன்று. நேற்று நான் வேலை செய்யும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், என் பையிலிருந்து ஒன்று குடுவைகளுக்கு நடுவே விழுந்தது.

“இதுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா சார்?” என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

சிரித்தேன். இப்போதெல்லாம் சிரிக்க வருகிறது.

ஏழு ஐந்துக்கு ஜன்னலைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. இந்த வருடத்தின் முதல் குளிர்.

அட்டவணையில் இல்லாத வேலை. நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து கோட்டுப் பெட்டியை இறக்கினேன். போன குளிர் முடிந்ததும் அவள் மடித்து வைத்தது. அப்புறம் யாரும் தொடவில்லை.

திறந்தேன். கம்பளி வாசனை மட்டும் வந்தது.

பெரியவளின் சிவப்புக் கோட்டை எடுத்து உதறினேன். அதன் கை வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

பூச்சி அரித்திருந்தது. சிவப்பில் ஆறு ஓட்டை. சின்னவனின் நீலத்தில் நான் எண்ணவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சின்னவன் ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினான். “அப்பா, எலி எட்டிப் பாக்குது!”

பெரியவள் இன்னொன்றில் விரலை விட்டாள். இரண்டு எலிகளும் சண்டை போட்டன. யார் பெரிய எலி, யார் செல்ல எலி. சண்டை எப்படி அங்கே போய் நின்றதென்று தெரியவில்லை.

“அம்மா கடைசியா என்னைப் பத்திதான் பேசினாங்க. சின்னவனுக்கு என் முத்தம்னு சொன்னாங்க.”

“பொய். பெரியவ இருக்கா, எனக்குக் கவலையில்லன்னுதான் சொன்னாங்க. அப்பாவே எங்கிட்ட சொன்னாரு.”

“எங்கிட்டயும்தான் சொன்னாரு!”

இரண்டு விரல்களும் நின்றன. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“யாருகிட்டப்பா பொய் சொன்னே?” என்றாள் பெரியவள்.

இருவரிடமும். தனித்தனியாக, தூங்கவைக்கும்போது. இவர்களிடம் மட்டுமில்லை. என் மாமியாரிடம் ஒன்று, மச்சானிடம் ஒன்று, அவள் அலுவலகத்தாரிடம் ஒன்று. கேட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவரவருக்கானதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். ஒரே அறையில் தூங்குகிற இந்த இரண்டு பேரும் என்றாவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளி வேன் வர இன்னும் சற்று நேரம் இருந்தது. இருவருக்கும் பொருந்துகிற மாதிரி மூன்றாவதாக ஒன்று சொல்லலாம். சொன்னால், இனி அவளைப் பற்றி நான் சொல்லப்போகும் எதையும் பெரியவள் நம்பமாட்டாள். சொல்வதற்கோ எவ்வளவோ இருக்கிறது.

“ரெண்டு பேருகிட்டயும்தான்” என்றேன்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். சின்ன ஆபரேஷன், ஒரு மணி நேர வேலை என்றார்கள். அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே நடந்தேன். கதவருகே வந்ததும் தள்ளுகிறவரை நிறுத்தச் சொன்னாள். என்னைக் குனியச் சொன்னாள். அட்டவணையில் ஒரு வண்டி விட்டுப்போனதைக் கண்டுபிடித்துவிட்டவளின் முகம். காதில் சொன்னாள். நான் தலையாட்டினேன். கதவு மூடியது.

காதில் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன்.

பெரியவள் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

“ஐயோ, அப்பா!”

சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை அவளால். எதற்கென்று முழுதாகப் புரியாமலே சின்னவனும் சேர்ந்துகொண்டான். “அப்பா மாட்டிக்கிட்டாரு, அப்பா மாட்டிக்கிட்டாரு” என்று கட்டிலில் குதித்தான். ஷூ தேட ஆறு நிமிடம் ஆனது.

ஓட்டைக் கோட்டோடுதான் இறங்கினார்கள். வாசலில் நிற்கும்போது சின்னவன் ஒவ்வோர் ஓட்டையிலும் ஓர் இலைக்காம்பைச் செருகினான். அக்காவின் ஆறையும் முடித்த பிறகுதான் தன்னுடையதற்கு வந்தான். வேன் ஏழு நாற்பதுக்கு வந்தது. இரண்டு சின்ன மரங்கள் ஏறிக் கையசைத்துப் போயின.

மேலே வந்து, மாலையில் கடையில் வாங்க வேண்டியதை அட்டவணையின் ஓரத்தில் எழுதினேன். ஒரே ஒரு பொருள். அன்று கதவருகே அவள் என் காதில் சொன்னது:

“கோட்டுப் பெட்டில அந்துருண்டை போட மறந்துட்டேம்ப்பா. நீயும் மறந்துடாதே.”