வயசுக்கு ஒரு பேரம்

"ஒரு லட்சம் வருசம் எண்டு செல்லுங்க மகள். கிறவல் குழிய இண்டைக்கே உங்கட கையில தாறன்!"

முபாறக் ஹாஜியாரின் சத்தம் கல்முனை பஜார் வரைக்கும் கேட்டது. வீதி போடச் சரளை மண் தோண்டும் அவருடைய கிறவல் குழியில் ஆதிகாலப் பல் கிளம்பியதாக ஊரெல்லாம் கதை. மேசையில் கறுத்த பல்லொன்று கிடந்தது.

எதிரே சிபானா. மருதமுனை நெசவுக்காரரின் மகள். பழைய பற்களின் வயதைக் கணிப்பதுதான் அவளுடைய ஆய்வு. இந்தக் குழி கிடைக்காவிட்டால் அந்த ஆய்வு அப்படியே நின்றுவிடும்.

பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டு இனம். வயசு செல்ல ஏலா ஹாஜியார்."

"கறுப்பப் பாருங்க புள்ள!"

"கறுப்பு சாயம் மாதிரி. கொஞ்சக் காலத்திலயும் ஏறும். மண்ணில இரிக்கிற யுரேனியம் பல்லுக்குள்ள ஊறும். எப்ப, எவ்வளவு ஊறின எண்டு தெரியணும். பல்லு கிடந்த மண்ணிர கதிர்வீச்சையும் அளக்கணும். அளக்காமச் சொன்னா பொய்."

"சரி, எம்பதாயிரம்."

"இதென்ன, மீன் விலையா?"

கணக்குப்பிள்ளை பர்ஸான் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்பதாயிரம்! பேப்பரில உங்கட படம், பக்கத்தில என்ட படம். இதான் கடைசி!"

"ஒரு வருசம்கூட செல்லமாட்டன்."

ஹாஜியாரின் முகம் சிவந்தது.

"கொழும்பில இருந்து ஒரு பெரிய மனிசன் காரில வந்தார். செருப்பக் கழட்டமுதல் ஒரு லட்சம் எண்டுட்டார். நீங்க பெரிய ஆளோ?"

"அப்ப குழிய அவருக்கே குடுங்க."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ஒண்டு மட்டும் கேளுங்க. இனிப் பல்லு வந்தா தோண்டி எடுக்காதீங்க, கழுவாதீங்க. ஆர் வந்தாலும் மண்ணோட காட்டுங்க."

"கோவிக்காம போயிட்டு வாங்க மிஸ். ஹாஜியாருக்குப் பேர்தான் வேணும்" என்று பர்ஸான் கிசுகிசுத்தான்.

"என்னடா குசுகுசுப்பு?" ஹாஜியார் மேசையில் ஓங்கி அடித்தார். "என்ட பேரத்துக்கு மசியாத ஆள நான் இண்டைக்குத்தான் பாக்கன். அதுவும் எங்கட ஊர்ப் புள்ள! ஜீப்ப எடுறா!"

"எங்க ஹாஜியார்?"

"குழிக்கு! அங்க பல்லெல்லாம் மண்ணோட அப்பிடியே கிடக்கு, ஒருத்தரையும் தொட விடல்ல. மேசையில கிடக்கிற இது, போன பெருநாளைக்கு நம்மட வீட்ட அறுத்து, சேத்தில புதைச்சு வச்ச குர்பான் மாட்டுப் பல்லுடா!"