குட்டியைச் சேர்க்கும் பாட்டு

“எவன்டா அவன், என் குரலைத் திருடி டமடமன்னு டிரம்ஸ் அடிச்சு வித்துக்கிட்டிருக்கிறவன்? வெளிய வரச் சொல்லு!”

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் பழைய கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருந்த அந்த ஒலிப்பதிவுக் கூடம் அதிர்ந்தது. கத்தியவள் தொல்கோர். கோபிப் பாலைவனத்தில் ஆடு மேய்ப்பவள். நாள் முழுக்க ரயிலில் வந்திருந்தாள். கூடவே மகள் நொமின். காலேஜில் படிக்கிறவள், அம்மாவுக்குச் சளைக்காத வாய்.

உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வந்தான். கழுத்தில் ஹெட்போன்.

“நான்தான். பேர் ஒல்தோக். உட்காருங்கக்கா. டீ போடச் சொல்லவா?”

“நான் உனக்கு அக்காவா? திருட்டுப் பயலுக்கெல்லாம் அக்காவா இருக்கணும்னு என் தலையில எழுதியிருக்கா?”

நொமின் செல்போனைத் தட்டினாள். மூடுபனி மாதிரி கீபோர்டு இசை கிளம்பியது. அதன் மேல் டிரம்ஸ் அதிர, எலக்ட்ரிக் கிதார் உறுமியது. நடுவில், மெல்லிய இளம்பெண் குரல்: “தொய்க்... தொய்க்... தொய்க்...”

“மூணு மாசமா ஊர் பூரா இந்த ஆல்பம்தான். எங்க காலேஜ் கேன்டீன்ல ஓடுது, பியர் கடையில ஓடுது. அட்டையில என்ன போட்டிருக்கே? ‘பாடியவர்: பெயர் தெரியாத பெண்’! எங்கம்மாவுக்குப் பேர் வைக்காமலா வளர்த்தாங்க?”

“பேர் தெரியலை, அதான் அப்படிப் போட்டேன். இது உங்க குரல்தான்னு எப்படி நம்புறது?”

கேட்டானே ஒரு கேள்வி! தொல்கோர் இடுப்பில் கை வைத்து, நின்ற இடத்திலேயே பாடினாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். அதே இழுப்பு, மூச்சு வாங்கும் இடமும் அதே. ஒல்தோக் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான்.

“நம்புறியா இப்ப?”

“நம்புறேன்.”

“இது என்ன பாட்டுன்னாவது தெரியுமாடா உனக்கு? ஈன்ற ஆடு சில சமயம் குட்டியைச் சேர்க்காது. முட்டித் தள்ளும். அப்ப குட்டி முதுகுல உப்புத் தண்ணி தடவி, தாய் பக்கத்துல உட்கார்ந்து பாடுற பாட்டு இது. குட்டி இல்லாம சும்மா பாடினா மந்தைக்கே ஆகாது. நீ டான்ஸ் ஆடப் போட்டிருக்கே. இதுல குட்டி எங்கடா இருக்கு?”

ஒல்தோக் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். “எவ்வளவு நேரம் பாடணும்க்கா?” என்று மட்டும் கேட்டான்.

“என்ன கேள்வி இது? தாய் வந்து சேர்த்துக்கிற வரைக்கும் பாடணும். ஒரு நாள் ஆகும், மூணு நாள் ஆகும். பாதியில எழுந்து போனா அவ மனுஷியா?”

இப்படி அடித்துப் பேசியவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “அது கிடக்கட்டும். நான் பாடின அந்த கேசட் உனக்கு எங்க கிடைச்சது?”

“அதைக் கேளும்மா!” நொமின் பாய்ந்தாள். “எங்க மாமா டேப்ரெக்கார்டர்ல பதிஞ்சு கொடுத்தது. உலகத்துலயே ஒரே ஒரு கேசட்தான். நான் பொறக்கிறதுக்கு முன்னாடி இதே ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல அம்மாவோட பை திருட்டுப் போச்சு. அதுக்குள்ள இருந்த கேசட் உன் கைக்கு எப்படி வந்துச்சு? உங்கப்பன் ஸ்டேஷன்ல திருடிக்கிட்டிருந்தானா?”

“எங்கப்பாவை எனக்குத் தெரியாதுங்க.”

“தெரியாதாமே! நல்லா இருக்கு கதை. கோர்ட்டுல வந்து சொல்லு. நாளைக்கே கேஸ் போடுறோம்.”

“விடு நொமின்,” என்றாள் தொல்கோர். “பாட்டை எடுத்தாப் போதும். கிளம்பு, ரயிலுக்கு நேரமாச்சு.”

“நீ சும்மா இரும்மா! கேசட்டை வாங்காம நான் நகர மாட்டேன்.”

நியாயம்தானே? திருட்டுக் கொடுத்தவர்கள் எதற்காகப் பம்மிக்கொண்டு போக வேண்டும்?

ஒல்தோக் எழுந்து அலமாரியைத் திறந்தான். சிவப்புக் கம்பளித் துணியில் சுற்றிய கேசட்டை எடுத்து மேஜை மேல் வைத்தான். துணியின் ஓரம் நைந்திருந்தது.

“பாட்டை இன்னைக்கே எடுத்துடறேன். இனிமே அது ஓட வேண்டிய அவசியம் இல்லை.”

“பயந்துட்டான் பாத்தியா?” நொமின் ஜெயித்த முகத்தோடு அம்மா பக்கம் திரும்பினாள்.

தொல்கோர் கேசட்டை எடுக்கக் கை நீட்டவில்லை. அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாக, பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

“உங்க பொண்ணுகிட்ட நீங்க பாதியைத்தான் சொல்லியிருக்கீங்க,” என்றான் ஒல்தோக். இவ்வளவு நேரம் இல்லாத கோபம் இப்போதுதான் அவன் குரலில் ஏறியது. “அந்தப் பை திருட்டுப் போகலை. ஸ்டேஷன் பெஞ்சு மேல நீங்களே வச்சுட்டுப் போனீங்க. உள்ள கேசட்டோட நானும் இருந்தேன்.”