ஆன்லைன் ரோல்ஸ்

வருசா வருசம் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் மட்டன் ரோல்ஸ் விற்றுக் காசு சேர்க்கும் சிட்னி வென்ட்வேர்த்வில் இளைஞர் குழு, இந்த முறை ஆன்லைனுக்கு மாறிவிட்டது.

கணவரின் பிறந்தநாளுக்குச் சமைக்க அலுத்துப் பஞ்சிப்பட்ட தேவமலர், குழுவைச் சேர்ந்த நிரூபாவுக்கு ஃபோன் போட்டாள்.

"பிள்ளை, இந்த முறையும் ரோல்ஸ் இருக்கோ?"

"ஓம் அன்ரி. நானே ஆன்லைனிலை ஓடர் போட்டுவிடுறன். வீட்டுக்கே வரும்."

"மெத்தெண்டு இருக்குமோ?"

"மூண்டு லேயர் அன்ரி!"

தேவமலருக்கு வாயூறியது. தொட்டுக்கொள்ள உறைப்பாய் ஒரு சட்டி சம்பல் மட்டும் இடித்து வைத்தாள்.

விருந்தினர் முன்னால் பெட்டியைத் திறந்தால், அத்தனையும் டொய்லெட் ரோல்!

"சாப்பாட்டை எப்பிடி அன்ரி போஸ்ட் பண்ணுறது? இந்த முறை நாங்கள் விக்கிறது இதுதான்," என்றாள் நிரூபா ஃபோனில்.

பசி தாங்காமல் வீட்டிலிருந்த பாண் துண்டைச் சம்பலில் தோய்த்துத் தின்ற கணவர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"விடு மலர். இந்தச் சம்பலுக்கு, நாளைக்குக் காலமை எல்லாருக்கும் ரோல்ஸ் தேவைப்படும்."