இழுப்பு

குளிர்ந்த தண்ணீர் பாட்டில் அவளுக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்தது.

ஏஜென்ட் பிரிசில்லா வைத்தது. வெயிலில் வந்தவர்களுக்கு வைப்பது.

"அவளுக்கு ஆகாதுங்க," என்று கணவர் அதை ஓரமாக நகர்த்தினார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

திருப்பூர். மே மாதம். வெந்நீர்.

வாங்கிக் குடித்தாள். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

கனடாவில் மகள் கௌசிகாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். விசா வந்துவிட்டது. டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தப் பயணக் காப்பீடு ஒன்றுதான் பாக்கி.

பிரிசில்லா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏற்கெனவே இருக்கற வியாதி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. சொல்லிட்டா அதையும் சேத்துக்கலாம். மறைச்சு, அங்க போயி அது வந்துச்சுன்னா ஒண்ணும் கிடைக்காதுங்க."

"எனக்குச் சக்கரை, பிரஷர், ரெண்டும் இருக்குதுங்க." பட்டம் வாங்கியவர் மாதிரி சொன்னார். "இவளுக்கு இழுப்பு."

பிரிசில்லா தட்டினாள்.

ஆஸ்துமா.

அவளுக்கு ஆஸ்துமா கிடையாது. ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா பொய் சொல்லவில்லை. அதில் மட்டும் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. "சின்ன வயசுல இருந்தே லேசா இழுப்பு இருக்குதுங்க. மாத்திரையில நல்லா இருக்கறா," என்று மாமியாரிடம் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

வலிப்பு வந்து கை கால் வெட்டி இழுத்தாலும் இழுப்புதான். மூச்சு இழுத்தாலும் இழுப்புதான். எந்த இழுப்பு என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் இரண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். அம்மாவும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று முதல் அவளுக்கு ஐஸ் தண்ணீர் இல்லை. பொழுது சாய்ந்தால் தயிர் இல்லை. ஒட்டடை அடிக்கிற வேலை இல்லை. ஆடாதோடைக் கஷாயம் உண்டு. இல்லாத வியாதிக்கு ஊரறியப் பத்தியம் இருந்தாள். இருக்கிற வியாதிக்கு ஒளிந்து மாத்திரை தின்றாள்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய் எடுத்தாள். "எங்கம்மா இழுப்புன்னு சொன்னது..."

"தெரியும் புள்ள. அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்," என்று அவர் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அதுதான் வினை.

மாத்திரையையும் மீறி இரண்டு முறை வந்தது. ஒரு முறை வீட்டில் யாரும் இல்லை. இன்னொரு முறை குளியலறையில். நெற்றி கிழிந்து கிடந்தவள், வழுக்கிவிட்டது என்றாள். மறுநாளே கொத்தனாரை அழைத்து வந்து, தரையைப் பெயர்த்து, சொரசொரப்பான கல் பதித்தார்.

அந்தக் கல்லில் கால் வைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எப்போதோ ஒரு சண்டையில் கொட்டித் தீர்த்திருப்பாள்.

"மாத்திரை பேரு சொல்லுங்கம்மா."

அவள் வெந்நீர் மூடியைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னமோ நீளமா ஒரு பேருங்க," என்றார் கணவர். "அவளே போயி வாங்கிக்குவா. அதுக்கெல்லாம் என்னை அலைய விடமாட்டா."

பஸ்ஸில் நாலு நிறுத்தம் தள்ளி ஒரு மருந்துக்கடை. அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

பேரைச் சொன்னால் பிரிசில்லா தட்டிப் பார்ப்பாள். எதற்கு உண்டான மாத்திரை என்று திரையில் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் ஆஸ்துமாக்காரியாக விமானம் ஏறலாம். அங்கே போய், தூக்கம் கெட்டு, மாத்திரை நேரம் மாறி, வந்துவிட்டால்? கௌசிகா பச்சை உடம்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா, பிள்ளையைப் பார்ப்பாளா? பேசாமல் போகாமலே இருந்துவிட்டால்? தலைப் பிரசவத்துக்கு அம்மா வராமல் இருக்க என்ன காரணம் சொல்வது?

எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

நேற்று போனில் கௌசிகா சிரித்தாள். "பாப்பாவை உங்க கையில குடுத்துட்டு நான் ஒரு மாசம் தூங்கப் போறேம்மா."

கையில்.

கௌசிகாவுக்குப் பால் கொடுத்ததெல்லாம் தரையில் உட்கார்ந்துதான். கட்டிலில் இல்லை, நாற்காலியில் இல்லை. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியதில்லை. வேண்டாத தெய்வமில்லை. ஏன் தரையிலேயே உட்காருகிறாய் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். இன்னொரு குழந்தையை வைத்து அதே பயத்தைத் திரும்பப் படத் தெம்பில்லை.

"பேரு இல்லாட்டியும் பரவால்லீங்க," என்றாள் பிரிசில்லா. "ஆஸ்துமான்னே போட்டு முடிச்சரட்டுங்களா?"

"முடிச்சருங்க," என்றார் கணவர். "அங்க குளிரு வேற ஜாஸ்தி."

அவள் கையை நீட்டி, ஓரத்தில் இருந்த பாட்டிலை எடுத்தாள்.

மூடியைத் திருகினாள். அண்ணாந்து குடித்தாள். பல் கூசியது. நிறுத்தவில்லை. பாதி பாட்டில் காலியானது.

"ஏ புள்ள, என்ன பண்ற! இழுப்பு வந்துரும்!" பிளாஸ்க்கோடு அவர் பாதி எழுந்துவிட்டார்.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அந்த இழுப்பு இல்லீங்க," என்றாள்.